புற்றுநோய் சிகிச்சையில் ரத்த உறைவு: தடுப்பு மருந்தை ஏன் எல்லோருக்கும் தருவதில்லை?

அப்பாவுக்கு மூன்றாவது கீமோ முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு. இரண்டு நாள் கழித்து, "இடது கால் மட்டும் கனமா இருக்குப்பா, கெண்டைக்கால் வலிக்குது" என்கிறார். படுத்தே இருந்ததால் வந்த வலியாக இருக்கும் என்று நினைத்து, எண்ணெய் தேய்த்து நீவி விடலாம் என்று போகிறீர்கள்.

கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் காலில் ரத்தம் உறைந்திருந்தால், நீவி விடுவது ஆபத்தில் முடியலாம்.

காலின் ஆழமான சிரைகளில் ரத்தம் உறைவதை டீப் வெயின் த்ராம்போசிஸ், சுருக்கமாக டி.வி.டி. என்பார்கள். அந்த உறைவு உடைந்து நகர்ந்து நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. கீமோ எடுப்பவர்களின் மரணத்துக்குப் புற்றுநோயே முதல் காரணம். அதற்கு அடுத்த முக்கியக் காரணங்களில் தொற்றோடு சேர்ந்து நிற்பது இந்த ரத்த உறைவுதான்.

தடுக்க மருந்து இருக்கிறது. ஆனால் எல்லா நோயாளிக்கும் அதைத் தருவதில்லை. ஏன்?

புற்றுநோய்க்கும் ரத்த உறைவுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தத் தொடர்பை 1865-லேயே விரிவாகப் பேசியவர் பிரான்ஸ் மருத்துவர் அர்மான் த்ரூசோ. சோகம் என்னவென்றால், பின்னாளில் அவருக்கே சிரையில் ரத்தம் உறைந்தது. 1867-ல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார்.

ரத்தம் தேவையில்லாமல் உறைய மூன்று காரணங்கள் உண்டு: ஓட்டம் மந்தமாவது, ரத்தக்குழாயின் உள்சுவர் காயப்படுவது, ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுவது. புற்றுநோயில் மூன்றுமே சேர்ந்து வரலாம். பல புற்றுச் செல்கள் 'டிஷ்யூ ஃபேக்டர்' என்ற புரதத்தை வெளிவிடுகின்றன. காயம் பட்டால் ரத்தத்தை உறையவைக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது இந்தப் புரதம்தான். அதாவது, காயமே இல்லாதபோதும் 'காயம் பட்டுவிட்டது' என்ற தவறான சிக்னல் உடம்புக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

சிகிச்சையும் தன் பங்குக்கு ஆபத்தைக் கூட்டுகிறது. சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள், மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்ஸிஃபென், மருந்து ஏற்றுவதற்காகச் சிரையில் வைக்கும் நீண்ட குழாய், அறுவை சிகிச்சை, நாள்கணக்கில் படுக்கை என்று பட்டியல் நீளும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

இதைக் கணிக்க 2008-ல் அலோக் கொரானா என்ற மருத்துவரின் குழு ஒரு எளிய மதிப்பெண் முறையை வெளியிட்டது. தனியாக எந்த டெஸ்டும் வேண்டாம். கீமோ தொடங்கும் முன் எடுக்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனையே போதும்.

- வயிறு அல்லது கணையப் புற்றுநோய்: 2 மதிப்பெண்
- நுரையீரல், லிம்போமா, கருப்பை மற்றும் சினைப்பை சார்ந்தவை, சிறுநீர்ப்பை, விரைப் புற்றுநோய்: 1
- தட்டணுக்கள் 3.5 லட்சம் அல்லது அதற்கு மேல்: 1
- ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ்: 1
- வெள்ளை அணுக்கள் 11,000-க்கு மேல்: 1
- பி.எம்.ஐ. 35 அல்லது அதற்கு மேல்: 1

மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் வந்தால், தடுப்பு மருந்து பற்றி யோசிக்கலாம். ஆனால் இது ஜோசியம் இல்லை. மதிப்பெண் குறைவாக இருப்பவர்களுக்கும் ரத்தம் உறையும். அதிகம் இருப்பவர்களில் பலருக்கு ஒன்றும் ஆகாது.

அப்போ 2 வந்தாலே மாத்திரை கொடுத்துடலாமே?

இதைத்தான் 2019-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் சோதித்தன. கனடாவில் நடந்த 'அவெர்ட்' ஆய்வில், மதிப்பெண் 2 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் ஒரு பாதிக்கு அபிக்ஸாபன் மாத்திரையும், மறு பாதிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் 6 மாதம் தரப்பட்டன. ரத்த உறைவு வந்தவர்கள், போலி மாத்திரை எடுத்தவர்களில் 10.2 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 4.2 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் பெரிய ரத்தக்கசிவு 1.8-லிருந்து 3.5 சதவீதமாக உயர்ந்தது.

இதை இப்படிப் பாருங்கள். 100 பேருக்கு மருந்து கொடுத்தால் சுமார் 6 பேர் ரத்த உறைவிலிருந்து தப்பிக்கிறார்கள். கூடுதலாக சுமார் 2 பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு வருகிறது. சுமார் 90 பேருக்கு, மருந்து இல்லாமலும் ரத்தம் உறைந்திருக்காது.

ரிவரோக்ஸாபன் மாத்திரையைச் சோதித்த 'காசினி' ஆய்வில் பலன் இவ்வளவு தெளிவாக இல்லை. ரத்த உறைவு 8.8-லிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. புள்ளிவிவரப்படி இது உறுதியான வித்தியாசம் இல்லை. பலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகே ரத்தம் உறைந்தது என்பதும் ஒரு காரணம். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது: சேர்க்கும் முன் ஸ்கேன் செய்தவர்களில் 100-க்கு 4, 5 பேருக்குக் காலில் ஏற்கெனவே ரத்தம் உறைந்திருந்தது.

ஆக, கேள்வி 'மருந்து நல்லதா கெட்டதா' என்பது இல்லை. 'இந்த நோயாளிக்கு எந்த ஆபத்து பெரியது, உறைவதா கசிவதா' என்பதுதான். வயிற்றுக் கட்டி இன்னும் அகற்றப்படாதவர், தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே போனவர், சிறுநீரகம் பலவீனமானவர் ஆகியோருக்குக் கணக்கே மாறிவிடும்.

எப்போது தயங்காமல் தருகிறார்கள்?

வயிறு, இடுப்புப் பகுதியில் புற்றுநோய்க்கான பெரிய அறுவை சிகிச்சை நடந்தால் பொதுவாகத் தடுப்பு ஊசி உண்டு. எனாக்ஸபாரின் ஊசியை ஒரு வாரத்தோடு நிறுத்தாமல் நான்கு வாரம் தந்தபோது, ரத்த உறைவு 12-லிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்ததை 2002-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. டிஸ்சார்ஜ் ஆன பிறகும் தினமும் வயிற்றுத் தோலில் ஊசி போடச் சொல்வது இதனால்தான். 'ஆபரேஷன்தான் முடிஞ்சிடுச்சே' என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.

மருத்துவமனையில் படுக்கையில் இருப்பவர்களுக்கும் ரத்தக்கசிவு ஆபத்து இல்லையென்றால் இந்த ஊசி தரப்படும். ஆபத்து இருந்தால், காலை விட்டுவிட்டு அழுத்தும் காற்றுப் பம்பு உறை உதவும். மல்டிபிள் மைலோமாவுக்கு லெனலிடோமைடு, டெக்ஸாமெத்தசோன் சேர்த்து எடுப்பவர்களுக்கு ஆபத்தைப் பொறுத்து ஆஸ்பிரினோ ஊசியோ மருத்துவர் தருவார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்த மூன்றையும் கேளுங்கள்: அப்பாவுக்கு ரத்தம் உறையும் ஆபத்து எவ்வளவு? கசியும் ஆபத்து எவ்வளவு? தடுப்பு மருந்து தந்தால் எப்போது நிறுத்துவோம்? சர்க்கரை, பி.பி. முதல் நாட்டு மருந்து வரை அவர் எடுக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். சில மருந்துகள் இந்த மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. மெடிக்கல் ஷாப்பில் நீங்களே ஆஸ்பிரின் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

முடிந்த அளவு நடக்க வைப்பதும், தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. ஆனால் அவை மருந்துக்கு மாற்று ஆகாது.

ஒரு காலோ கையோ மட்டும் வீங்கினால், வலித்தால், சூடாக, சிவந்து இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். டாப்ளர் ஸ்கேன் பெரும்பாலும் விஷயத்தைச் சொல்லிவிடும். டி-டைமர் ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது. புற்றுநோய் இருந்தாலே அது கூடுதலாக இருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். தடுப்பு மருந்து எடுப்பவருக்குக் கருப்பாக மலம் போனாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ, கடுமையான தலைவலி வந்தாலோ அதுவும் அவசரம்தான்.

அந்தக் கால் வலி வெறும் களைப்பாகவே இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியது ஸ்கேன். எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, முதலில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.