பனியன் ஊரில் பனியைப் பற்றி ஒரு கட்டுரை

மார்கழி மாதக் குளிருக்கே மப்ளர் சுற்றிக்கொள்ளும் ஊர் நம் திருப்பூர். இங்கே கூரை மேல் விழும் பனியைப் பற்றி எதற்குக் கட்டுரை என்று நீங்கள் கேட்கலாம். விஷயம் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

1922 ஜனவரி 28. வாஷிங்டனில் நிக்கர்பாக்கர் தியேட்டரில் படம் ஓடிக்கொண்டிருந்தது. விடாமல் கொட்டிய பனி தட்டையான கூரையில் அப்படியே தங்கியிருந்தது. இரவு கூரை இடிந்து பால்கனியையும் இழுத்துக்கொண்டு விழுந்ததில் 98 பேர் இறந்தார்கள்.

1978 ஜனவரி 18. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் சுமார் 5,000 பேர் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சில மணி நேரத்தில், அதிகாலையில், அந்த அரங்கின் இரும்புக் கூரை பனியோடு கீழே வந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. கட்டும்போதே கூரை கணக்குக்கு மேல் தொய்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் கணக்கு சரி என்று சொல்லி விட்டுவிட்டார்கள்!

2006-ல் போலந்தின் கட்டோவிட்சேவில் புறாக் கண்காட்சி நடந்த கூடத்தின் கூரை விழுந்து 65 பேர் பலியானார்கள். அந்தத் தேதியும் ஜனவரி 28தான். கூரைப் பனியை ஒழுங்காக அள்ளிப் போடவில்லை.

சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? புதிதாக விழுந்த பனியின் எடை தண்ணீரின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நம் கம்பெனி மொட்டை மாடியில் குழாய் அடைத்து 10 செ.மீ. மழைத்தண்ணீர் நின்றால், ஒரு மீட்டர் உயரப் பனி நிற்பதற்குச் சமம். அதாவது சதுர மீட்டருக்கு 100 கிலோ. ஆள் ஏறிப் புழங்காத தட்டைக் கூரைக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 வைத்திருக்கும் கணக்கு சுமார் 75 கிலோதான். தளம் சற்றுத் தொய்ந்தால் அந்தப் பள்ளத்தில் இன்னும் தண்ணீர் சேரும், இன்னும் தொய்யும். இதோடு தண்ணீர்த் தொட்டி, பழைய மெஷின், துணி மூட்டை எல்லாம் மேலே ஏற்றுகிறோம்.

அளவுக்கு மீறி ஏற்றினால் என்ன ஆகும் என்பதை நம் தொழிலிலேயே பார்த்தாயிற்று. வங்கதேசத்தின் சாவர் ஊரில் ராணா பிளாசா. அனுமதி இல்லாமல் மாடிகள் எழுப்பி, மேலே கனமான ஜெனரேட்டர்களும் வைத்திருந்தார்கள். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரிலும் தூணிலும் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. கார்மெண்ட்ஸ் ஆட்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். காலையில் கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது, கட்டிடம் விழுந்தது. 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள்.

விரிசல் எல்லோர் கண்ணுக்கும்தான் தெரிந்தது. சம்பளம் போய்விடும் என்ற பயம்தான் அவர்களை உள்ளே போக வைத்தது. அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ அக்காவோ பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களாக இருந்தால், மாடியில் தண்ணீர் நிற்கிறதா, தளத்தில் புதிதாக விரிசல் இருக்கிறதா என்று இன்று இரவே கேளுங்கள். இருந்தால், ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள்.