ஜேம்ஸ் பாண்டுக்குத் தெரியாத தருமபுரி

இன்னைக்கு எபிசோட் ஒரு தோல்வியில இருந்து ஆரம்பிக்குது. 2012 அக்டோபர்ல '007 லெஜண்ட்ஸ்'னு ஒரு வீடியோ கேம் வந்துச்சு. ஜேம்ஸ் பாண்ட் படங்களோட 50-ஆவது ஆண்டுக்காக ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்டது. உருவாக்கினது இங்கிலாந்தின் யூரோகாம் ஸ்டுடியோ.

ஐடியா கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. 'ஸ்கைஃபால்' படத்தோட தொடக்கத்துல பாண்ட் குண்டடி பட்டு, ரயில் மேலிருந்து ஆத்துல விழுவாரு இல்லையா? அவர் தண்ணிக்குள்ள மூழ்கும்போது பழைய மிஷன்கள் ஒவ்வொண்ணா ஞாபகத்துக்கு வருது. 'கோல்ட்ஃபிங்கர்', 'மூன்ரேக்கர்', 'டை அனதர் டே'ன்னு அஞ்சு படங்கள். எல்லாத்துலயும் டேனியல் கிரெய்க் முகம்தான். ஆனா குரல் அவரோடது இல்ல.

விளையாடிப் பார்த்தவங்களுக்கு ஏமாற்றம். ஒரு காவலாளி உங்களைப் பார்த்துட்டா போதும், அலாரம் அடிக்கும், ஆளுங்க கும்பலா வருவாங்க, நீங்க சுட்டுக்கிட்டே இருக்கணும். பெரும்பாலான விமர்சகர்கள் பாதி மார்க் கூடக் குடுக்கல. இத்தனைக்கும் 2010-ல 'கோல்டன்ஐ 007' கேமைப் புதுசா செஞ்சு நல்ல பேர் வாங்கினது இதே யூரோகாம்தான். லெஜண்ட்ஸ் வந்து ரெண்டே மாசத்துல, 2012 டிசம்பர்ல, ஸ்டுடியோவை மூடிட்டாங்க. 1988-ல ஆரம்பிச்ச நிறுவனம் அது. அடுத்த ஜனவரியில ஆக்டிவிஷனோட பாண்ட் கேம்கள் ஸ்டீம் கடையில இருந்தும் காணாமப் போச்சு.

எங்க சறுக்குச்சு? என் பதில் இதுதான்: ஒற்றனைப் பத்தின கேம்ல ஒற்று வேலைக்குப் பெருசா இடமே இல்ல. துப்பாக்கிதான் மிச்சம்.

சரி, ஒற்று வேலைன்னா என்ன? அதுக்கு லண்டன் போக வேண்டாம். சேலம்–பெங்களூரு ரோட்டுல தருமபுரியில இறங்கினாப் போதும்.

தருமபுரியோட பழைய பேர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியோட ஊர். அவருக்கும் காஞ்சித் தொண்டைமானுக்கும் பகை வந்தப்போ, அதியமான் தூது அனுப்பினது ஔவையாரை. தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைத் திறந்து காட்டினான். புறநானூற்றோட 95-ஆவது பாட்டு இந்தக் காட்சியைத்தான் சொல்லுது. உங்க ஆயுதங்கள் மாலை போட்டு, நெய் பூசி, பளபளன்னு இருக்கு. எங்க தலைவனோடது முனை ஒடிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குதுன்னு ஔவை சொல்றாங்க. புகழ்ச்சி மாதிரி இருக்கும். உண்மையில, உங்க படை சண்டையே பார்த்ததில்லன்னு அர்த்தம். ஒரு அம்பு விடல. கண்ணால பார்த்தாங்க, கணக்குப் போட்டாங்க, வார்த்தையில திருப்பி அடிச்சாங்க.

ஔவை தூதர், ஒற்றர் இல்ல. திருக்குறளும் ரெண்டையும் தனித்தனியாதான் பேசுது. 59-ஆவது அதிகாரம் ஒற்றாடல், 69-ஆவது தூது. ஒற்றாடல்ல இருக்கிற பத்துக் குறளையும் ஒரு கேம் டிசைனர் படிக்கலாம். ஒரு ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனை வச்சுச் சரிபாரு. ஒருத்தனுக்கு இன்னொருத்தன் யாருன்னு தெரியக் கூடாது. மூணு பேர் சொல்றதும் ஒத்துப்போனா நம்பு. ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, ரகசியம் வெளிய போயிடும். எல்லா இடத்துலயும் முழுப் பேரைச் சொல்லி அறிமுகம் செஞ்சுக்கிற பாண்டை வள்ளுவர் வேலைக்கே எடுத்திருக்க மாட்டாரு!

இப்போ 1780-களுக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கம் எல்லாம் அப்போ பாராமகால். திப்பு சுல்தான் கையில இருந்துச்சு. கீழே ஆம்பூர்ல உட்கார்ந்து மைசூர்ச் செய்திகளைத் திரட்டினவர் கம்பெனியின் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். 1788-ல அவருக்கு உதவியா வந்த இளம் அதிகாரி தாமஸ் மன்றோ. பாரசீகமும் இந்துஸ்தானியும் கத்துக்கிட்ட ஆள். படை எங்க நகருது, எவ்வளவு குதிரை, தானியம் எங்க கிடைக்கும், இதெல்லாம்தான் இந்த மாதிரி வேலையில கேக்குற கேள்விகள். கேட்டு, எழுதி, காத்திருக்கிற வேலை.

1792 மார்ச்ல ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம். திப்பு பாராமகாலை விட்டுக் கொடுத்தாரு. அதை நிர்வாகம் பண்ண கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் கம்பெனியோட சிவில் அதிகாரிகளை எடுக்கல. அவங்களுக்கு ஊர்மொழி தெரியாதுங்கிறது ஒரு முக்கியக் காரணம். ரீட்டையும் மூணு ராணுவ உதவியாளர்களையும் போட்டாரு. அந்த மூணு பேர்ல ஒருத்தர் மன்றோ. தருமபுரியில தங்கி, 1799 வரைக்கும் இந்தப் பகுதியிலதான் வேலை பார்த்தாரு.

இங்கதான் கதை சீரியஸ் ஆகுது. எதிரி நாட்டைத் தெரிஞ்சுக்கப் பழகின அதே ஆளுங்க, இப்போ சொந்தக் குடிமக்களைத் தெரிஞ்சுக்க ஆரம்பிச்சாங்க. குதிரை எத்தனைன்னு கேட்ட இடத்துல, இந்த வயல் யாரோடது, எவ்வளவு விளையும், எவ்வளவு வரி கட்ட முடியும்னு கேட்டாங்க. வயல் வயலா அளந்தாங்க. நேரடியா விவசாயிகிட்ட வரி வாங்குற ரயத்துவாரி முறை பாராமகால்லதான் உருவெடுத்துச்சு. மன்றோ 1820-ல சென்னை கவர்னர் ஆனதும் அதை மாகாணம் முழுக்கப் பரப்பினாரு. இன்னைக்கு உங்க தாத்தா வீட்டுப் பெட்டியில இருக்குற பட்டாவுக்கு இதுல ஒரு வேர் இருக்கு. அந்தக் காகிதம் நிலத்துல விவசாயிக்கு ஒரு பிடியும் கொடுத்துச்சு, வரிக்காரன் கண்ணுல படாம இருக்க முடியாத நிலையையும் கொடுத்துச்சு.

உளவு விளையாட்டுன்னா எனக்கு இதுதான் வேணும். நீ தெரிஞ்சுக்கிட்ட ஒரு தகவலால யாரோட வாழ்க்கை மாறுதுன்னு காட்டுற கேம். லெஜண்ட்ஸ்ல ஒரு லெவல் முடிஞ்சா அடுத்த லெவல், அவ்வளவுதான்.

சென்னை அண்ணா சாலையில, தீவுத்திடல் கிட்ட, சேணம் இல்லாத குதிரை மேல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே, அவர்தான் இந்த மன்றோ. ஆம்பூருக்கு மைசூர்ச் செய்தியைக் கொண்டுவந்தவங்களுக்குச் சிலை எதுவும் இல்ல. அடுத்த தடவை அந்தப் பக்கம் பஸ்ல போனா, அவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.