கல்லோடு ஒரு துண்டுச் சீட்டு

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் பாடாலூரில் இறங்கிக் கிழக்கே திரும்புங்கள். ஊட்டத்தூரைத் தாண்டினால் காரை என்னும் சிற்றூர். மழை அரித்த ஓடைகளில் குனிந்து பார்த்தால், விரல் அளவில், ஒரு முனை கூராக, பழுப்பு நிறக் கற்கள் கிடக்கும். இவை பெலம்னைட் என்னும் கடலுயிரியின் உள்ளோடுகள். கணவாய்க்குத் தூரத்து உறவு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது! சுருள் வடிவ அம்மோனைட்டுகளும் இப்பகுதியில் உண்டு. பூசையறைச் சாளக்கிராமத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுருள் புதிதன்று. அதுவும் அம்மோனைட்தான், ஆனால் நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வருவது.

1840-களில் கே, கன்லிஃப் என்னும் இரு சென்னை மாகாண அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் இத்தகைய புதைபடிவங்களைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை 1846-இல் விவரித்தார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்டு ஊர் ஊராக நடந்து அளந்து, 1862-இல் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். ஊட்டத்தூர்த் தொகுதியே மூத்தது.

ஆயிரக்கணக்கான ஓடுகளை வகைப்படுத்தும் வேலை அதே 1862-இல் கல்கத்தா நிலவியல் துறையில் சேர்ந்த ஸ்டோலிச்காவிடம் வந்தது. மொரேவியா நாட்டவர், வயது 24. தென்னிந்தியப் படிவங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1873 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. இன்றும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள். எப்படி முடிந்தது? கல் எந்த ஊரில், எந்தப் படுகையில் கிடைத்தது என்ற குறிப்பு இருந்ததால்தான். குறிப்பில்லாத அம்மோனைட் அலமாரிக்கு அழகு, அவ்வளவே. நீங்கள் பயணத்தில் ஒரு கல்லை எடுத்தால் ஊர், நாள், எந்த அடுக்கு என்பதை அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டிற்கு வந்து எழுதலாம் என்பவர் எழுதுவதே இல்லை.

நூல் முடிந்த ஆண்டே ஸ்டோலிச்கா யார்க்கந்துத் தூதுக்குழுவுடன் மத்திய ஆசியா சென்றார். திரும்பும் வழியில் காரகோரம் கணவாயைக் கடந்தபின், 1874 ஜூன் 19 அன்று, லடாக்கின் முர்கோ என்னுமிடத்தில் மலைநோயால் இறந்தார். வயது 36. உடலை லே நகரில் அடக்கம் செய்தனர். அவருடைய குறிப்பேடுகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டு அப்பயணத்தின் நிலவியல் பகுதியை 1878-இல் வெளியிட்டவர் வில்லியம் பிளான்ஃபோர்டு. ஊட்டத்தூர்ப் பாறைகளைப் பிரித்த ஹென்றியின் அண்ணன்.