ஓட்டமும் நோயும்

எஹலியகொடைப் பகுதி இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டச் செல்வோர் விடியுமுன்பே எழுகின்றனர். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். எனவே அங்கே அதிகாலை விழிப்பு தொழிலின் கட்டாயம், நாளடைவில் பழக்கம். அதே விழிப்பு, மனச்சோர்வோடும் பசியின்மையோடும் வாரக்கணக்கில் தொடருமாயின், வைத்தியர் அதனை நோய்க்குறி என்பார். செயல் ஒன்றே, பெயர் இரண்டு. பெயரிடும் உரிமை யாருடையது?

1851ஆம் ஆண்டில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து வைத்தியர் சாமுவேல் கார்ட்ரைட் புதியதொரு மனநோயைக் 'கண்டுபிடித்தார்'. கறுப்பின அடிமைகள் எசமானரிடமிருந்து தப்பியோடுவதே அந்நோயாம்! ஓடிப்போனவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு பித்தைக் குறிக்கும் சொல்லை ஒட்டி, 'டிராப்பெட்டோமேனியா' எனப் பெயரும் சூட்டினார். காரணமின்றி முகம் வாடித் திரிபவனை முன்கூட்டியே சவுக்கால் அடித்தால் நோய் அணுகாது என்பது அவர் மருத்துவம். மேற்பார்வையாளர்கள் 'போக்கிரித்தனம்' என்று வைத சோம்பலையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதுவும் நோயே. உடலைக் கழுவி, எண்ணெய் பூசி, அகன்ற தோல்வாரால் அந்த எண்ணெயை அடித்து ஏற்றி, வெயிலில் கடும் வேலைக்கு அனுப்புவது சிகிச்சை. நோய் தீர்ந்ததோ இல்லையோ, எசமானரின் களஞ்சியம் நிறைந்திருக்கும்.

எங்கோ நடந்த கதையென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. இலங்கையின் 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கத் தொழிற் சட்டம், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டகன்ற தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப இடமளித்தது. கடன் தீர்ந்ததற்கான 'துண்டு' இல்லாதவனுக்கு வேறு தோட்டத்தின் கதவு திறக்காது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறையையும் அச்சிறைத் தண்டனையையும் ஒழித்தது. அங்கே நோயான ஓட்டம் இங்கே குற்றமாயிற்று. இரு நாடுகளிலும் ஓடியவனிடம் காரணம் கேட்டவர் இல்லை.

ஆயினும் மனநோயே கட்டுக்கதை என்று 1961இல் தாமஸ் சாஸ் எழுதியதை என்னால் ஏற்க இயலவில்லை. வேதனைப்படுகிறவனுக்கு அவ்வாதத்தால் என்ன பயன்? சம்பள நாளில் குடிப்பவனைப் பாருங்கள். அது பழக்கம். நிறுத்த விரும்பியும் நிறுத்த முடியாமல், குடிக்காவிடில் கை நடுங்கி, வேலையும் வீடும் சிதைகையில் அது நோய். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு இதற்கு 11 அறிகுறிகளைத் தருகிறது. 12 மாதங்களுக்குள் இரண்டு தென்பட்டாலே நோயெனக் கொள்ளலாம். இங்கே கோடு கீறப்படுவது எசமானின் நட்டத்தை வைத்தன்று, அவனுடைய துன்பத்தை வைத்து. தோட்டத்துச் செக்ரோலிலோ, நடுங்கும் கையோடு லயத்தில் படுத்திருப்பவனும் வேலைக்கு வராதவனே.