மின்னதிர்ச்சி

மின்னதிர்ச்சி என்பது மனித உடலின் வழியே மின்னோட்டம் பாய்வதால் ஏற்படும் விளைவு ஆகும். பேச்சு வழக்கில் இது ஷாக் அடித்தல் எனப்படுகிறது. மெல்லிய கூச்சம் முதல் தீக்காயம், மூச்சுத் தடை, இதயத் துடிப்பு நிற்றல் வரை இதன் விளைவுகள் வேறுபடும். உயிரைப் பறிக்கப் போதுமான மின்னோட்டம், ஒரு சிறிய மின்விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்தை விடவும் குறைவு.

உடலில் பாயும் மின்னோட்டம்

உடலில் பாயும் மின்னோட்டத்தின் அளவை ஓமின் விதி கொண்டு கணிக்கலாம். மின்னழுத்தத்தை உடலின் மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் உலர்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம் இருக்கக்கூடும். ஆனால் வீட்டு இணைப்பின் 230 வோல்ட்டில் தோலின் தடுப்புத் தன்மை பெருமளவு குறைந்துவிடுகிறது. அந்நிலையில் ஒரு கையிலிருந்து மறு கை வரையிலான மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொள்ளலாம். எனவே பாயும் மின்னோட்டம் சுமார் 230 மில்லிஆம்பியர் ஆகும். ஈரமான தோலில் இடர் மேலும் கூடும்.

மின்னோட்ட அளவும் விளைவுகளும்

50 ஏர்ட்சு மாறுதிசை மின்னோட்டம் வயது வந்தோரிடம் ஏற்படுத்தும் விளைவுகள் தோராயமாகப் பின்வருமாறு:

* 1 மில்லிஆம்பியர்: மெல்லிய கூச்சம் உணரப்படும்.
* 5 மில்லிஆம்பியர்: வலி ஏற்படும், பெரும்பாலோரால் கையை விலக்கிக்கொள்ள இயலும்.
* 10 முதல் 20 மில்லிஆம்பியர்: தசைகள் இறுகிப் பிடித்த பொருளை விட இயலாது.
* 20 முதல் 50 மில்லிஆம்பியர்: மார்புத் தசைகள் இறுகி மூச்சு தடைப்படும்.
* 50 மில்லிஆம்பியருக்கு மேல், ஒரு நொடியோ அதற்கு மேலோ நீடித்தால்: இதயத் துடிப்பு சீர்குலையலாம்.
* பல ஆம்பியர்கள்: கடும் தீக்காயங்கள், இதயத் துடிப்பு நிற்றல்.

மின்சாரம் ஆளைப் பிடித்து இழுக்கிறது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில், முன்கையில் விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளை விட வலிமை மிக்கவை. மின்னோட்டத்தால் இரண்டும் ஒருங்கே சுருங்கும்போது கை தானாக மூடிக்கொள்கிறது. அமெரிக்க மின்பொறியாளர் சார்லசு டால்சீல் தன்னார்வலர்களிடம் நடத்திய சோதனைகளில், கையை விடுவிக்க இயலும் மின்னோட்டத்தின் சராசரி எல்லை ஆண்களுக்குச் சுமார் 16 மில்லிஆம்பியராகவும், பெண்களுக்குச் சுமார் 10.5 மில்லிஆம்பியராகவும் இருந்தது.

இதயத்தின் மீதான விளைவு

இதயம் தன்னுள் உருவாகும் மின்துடிப்புகளால் இயங்குகிறது. வெளியிலிருந்து வரும் மின்னோட்டம் இந்த ஒழுங்கைக் குலைத்தால், கீழறைத் தசைநார்கள் ஒருங்கிணைப்பின்றித் தனித்தனியே துடிக்கத் தொடங்கும். இது கீழறை நடுக்கம் எனப்படும். இந்நிலையில் குருதியோட்டம் நின்றுவிடும். மின்னோட்டம் நின்ற பின்னரும் இதயம் தானாகச் சீரடைவது அரிது. சில நிமிடங்களில் மூளை பாதிப்படையத் தொடங்கும்.

1899 ஆம் ஆண்டு செனீவாவில் பிரெவோ, பட்டேலி ஆகியோர் நாய்களின் மீது நடத்திய ஆய்வில், சிறிய மின்னோட்டம் உண்டாக்கிய கீழறை நடுக்கத்தை வலுவான மின்னதிர்ச்சியால் நிறுத்த முடியும் எனக் கண்டறிந்தனர். இன்றைய உதறல்நீக்கிக் கருவிகள் இத்தத்துவத்தின்படி இயங்குகின்றன.

பாதுகாப்புக் கருவிகள்

ஃபியூஸ் எனப்படும் உருகியும் எம்சிபி எனப்படும் மின்சுற்று முறிப்பியும் கம்பிகள் சூடேறித் தீப்பற்றாமல் காப்பவை. உடல் வழியே பாயும் சிறிய மின்னோட்டத்தை அவை உணர்வதில்லை. மேற்கண்ட 230 மில்லிஆம்பியர், 5 ஆம்பியர் உருகியின் அளவில் இருபதில் ஒரு பங்கிற்கும் குறைவு. எனவே ஒருவர் உயிருக்குப் போராடும்போதும் உருகி உருகாது.

மனித உயிரைக் காக்கவென அமைந்தது கசிவு மின்னோட்ட முறிப்பி ஆகும். இது மின்கம்பியில் செல்லும் மின்னோட்டத்தையும் நடுநிலைக் கம்பியில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது. வேறுபாடு குறிப்பிட்ட அளவை எட்டினால், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். வீடுகளில் பொதுவாக 30 மில்லிஆம்பியர் அளவுள்ளவை பயன்படுகின்றன. ஒருவர் தரையைத் தொடாமல் இரு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டால் வேறுபாடு தோன்றாது. அப்போது இக்கருவி காப்பாற்றாது. இதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்தல் வேண்டும்.

முதலுதவி

* முதலில் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதற்கு முன் பாதிக்கப்பட்டவரை வெறுங்கையால் தொடக்கூடாது.
* வீட்டு மின்னழுத்தத்தில் இணைப்பைத் துண்டிக்க இயலாவிடில், உலர்ந்த மரக்கட்டை அல்லது நெகிழிப் பொருளால் அவரை விலக்கலாம்.
* அறுந்து விழுந்த உயரழுத்தக் கம்பியை எதனாலும் தொடக்கூடாது. அதன் அருகே தரையிலும் மின்னழுத்தம் பரவியிருக்கும் என்பதால் விலகி நின்று மின்வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.
* உடனடியாக மருத்துவ ஊர்தியை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.
* நினைவும் இயல்பான மூச்சும் இல்லையெனில், நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செண்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்த வேண்டும்.

வெளித்தோற்றத்தில் காயம் சிறிதாயினும் உள்ளே தசைகள் கருகியிருக்கக்கூடும். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆகையால் கடும் மின்னதிர்ச்சிக்கு உள்ளானவர் நலமாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டுதல் அவசியம்.

இவற்றையும் பார்க்க

* ஓமின் விதி
* புவியிணைப்பு
* உதறல்நீக்கி
* மின்னல்