தேர்தல் பாதுகாப்பில் கூட்டாட்சி ஆதிக்கத்துக்கு எதிர்ப்பு (அமெரிக்கா)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தேர்தல் நடத்தும் பொறுப்பு ஆதிமுதல் மாநிலங்களுக்கும் அவற்றின் கவுண்டிகளுக்கும் உரியதாகையால், வாக்கு இயந்திரங்களின் பாதுகாப்பையும் வாக்குத் தணிக்கையையும் வாஷிங்டன் தன் வசப்படுத்தலாகாது என்னும் அபிப்பிராயம் அங்கே ஆழ வேரூன்றியது. காங்கிரஸ் தேர்தலின் காலம், இடம், முறை ஆகியவற்றை விதிக்கும் உரிமையை மாநிலச் சட்டமன்றங்களுக்கு அளித்துவிட்டு, அவ்விதிகளை மாற்றும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்கும் ஒதுக்கிய அரசியல் சாசனத்தின் முதலாம் ஷரத்தே இவ்விவாதத்தின் மூலம்.

2016-ஆம் ஆண்டுத் தேர்தலில் ரஷ்யாவின் தலையீடு வெளிப்பட்டபின், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலாளர் ஜே ஜான்சன் 2017 ஜனவரி 6 அன்று தேர்தல் அமைப்பைத் தேசத்தின் இன்றியமையாத உட்கட்டமைப்பாகப் பிரகடனம் செய்தார். மத்திய உதவியை ஏற்பது மாநிலங்களின் இஷ்டமே என அவர் உறுதி கூறியும், மாநிலச் செயலாளர்களின் தேசிய சங்கம் அடுத்த மாதமே அப்பிரகடனத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தணிக்கையை வலியுறுத்திய பாதுகாப்பான தேர்தல் மசோதாவும் 2018-இல் செனட் குழுவிலேயே முடங்கிற்று.

எதிர்ப்பாளருக்கு உகந்த திருஷ்டாந்தம் கொலராடோ: தன் சொந்தச் சட்டத்தின்படியே, குலுக்கல் முறையில் பொறுக்கிய காகிதச் சீட்டுகளை இயந்திரக் கணக்கோடு ஒப்பிடும் தணிக்கையை 2017 நவம்பரில், நாட்டிலேயே முதன்முறையாக, அது மாநிலம் முழுவதிலும் நடத்தியது. ஆயினும், ஜான்சனின் பிரகடனத்தை உரக்கக் கண்டித்த ஜார்ஜியாவோ, அதே சுதந்திரத்தைக் கொண்டு, மறு எண்ணிக்கைக்குக் காகிதமே எஞ்சாத இயந்திரங்களை 2019 வரை உபயோகித்துவந்தது.