லிங்கனின் துருத்திப் படகும் ஆம்ஸ்டர்டாமின் ஒட்டகங்களும்

ஆழம் குறைந்த நீரில் படகை உயர்த்தும் கருவியைப் படகிலேயே பொருத்துவதா, தேவைப்படும் இடத்தில் தனியாக வைத்துக்கொள்வதா என்பது படகுக் கட்டுமான வரலாற்றில் பழைய கேள்வி. ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தனிக்கருவியைத் தேர்ந்தெடுத்தனர். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கன், 1849ஆம் ஆண்டில் படகோடு இணைந்த கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டில் ஒன்று நூறாண்டுக்கு மேல் உழைத்தது. மற்றொன்று மாதிரி வடிவத்தோடு நின்றுபோனது.

ஆம்ஸ்டர்டாமின் ஒட்டகங்கள்

ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்துக்கு வெளியே பாம்பஸ் என்னும் ஆழமற்ற பகுதி இருந்தது. பெரிய கப்பல்கள் அங்கே தரைதட்டின. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஆம்ஸ்டர்டாமில் கட்டப்பட்ட கப்பல்களும் இதைத் தாண்டித்தான் கடலுக்குச் செல்ல வேண்டும்.

1690ஆம் ஆண்டில் மேயுவிஸ் மெயின்டெர்ட்ஸோன் பாக்கர் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். உள்ளீடற்ற இரண்டு பெரிய மர மிதவைகளைச் செய்தார். அவற்றின் உட்பக்கம் கப்பலின் விலாவோடு பொருந்துமாறு வளைந்திருந்தது. மிதவைகளுக்குள் நீரை விட்டு அவற்றை அமிழ்த்தி, கப்பலின் இருபுறமும் வைத்துக் கட்டுவார்கள். பிறகு நீரை இறைத்து வெளியேற்றுவார்கள். மிதவைகள் மேலெழும்போது கப்பலும் சேர்ந்து உயரும். இவற்றுக்கு ‘ஒட்டகம்’ என்று பெயர். 1820களில் வடக்கு ஹாலந்துக் கால்வாய் திறக்கப்படும்வரை இவை பயன்பட்டன.

அமெரிக்காவின் நன்டக்கெட் தீவிலும் இதே முறை 1842இல் வந்தது. அது திமிங்கில வேட்டையால் வாழ்ந்த ஊர். துறைமுக வாயிலில் இருந்த மணல்திட்டு பெரிய கப்பல்களைத் தடுத்ததால், தொழில் ஆழமான துறைமுகமுடைய நியூ பெட்ஃபோர்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. ஒட்டகங்கள் சில ஆண்டுகள் கப்பல்களைத் தூக்கிக் கடத்தின. ஆனால் ஊரின் சரிவைத் தடுக்க அவை போதவில்லை.

ஆலை அணையில் சிக்கிய படகு

லிங்கனுக்கு இந்தச் சிக்கல் நேரில் தெரியும். 1831இல், 22 வயதில், சரக்கு ஏற்றிய தட்டைப் படகில் நியூ ஆர்லியன்ஸ் நகருக்குப் புறப்பட்டார். சங்கமோன் ஆற்றில் நியூ சேலம் என்னும் சிற்றூரின் ஆலை அணைமீது படகு சிக்கிக்கொண்டது. முன்பகுதி அணைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பின்பகுதியில் நீர் சேர்ந்தது. லிங்கன் சரக்கின் ஒரு பகுதியை இறக்கச் செய்தார். படகின் முன்பகுதியில் துளையிட்டு நீரை வடித்தார். படகு அணையைத் தாண்டியது.

மறு ஆண்டே தேர்தலில் நின்றபோது, சங்கமோன் ஆற்றைப் படகுப் போக்குவரத்துக்கு ஏற்றதாக்க வேண்டும் என்று வாக்காளர்களுக்கு எழுதினார். அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். ஆறும் சீராகவில்லை. நீராவிப் படகுகள் வருமென்று நம்பியிருந்த நியூ சேலம், சில ஆண்டுகளில் மக்கள் வெளியேறிய ஊராயிற்று. சில அடி நீர் இல்லாமற்போனால் ஓர் ஊரே இல்லாமற்போகலாம் என்பதற்கு இது சான்று.

காப்புரிமை எண் 6469

1848இல் லிங்கன் பேரேரிகள் வழியாகக் கப்பலில் ஊர் திரும்பினார். டெட்ராய்ட் ஆற்றில் ஒரு நீராவிக் கப்பல் தரைதட்டியிருந்ததைக் கண்டார். மாலுமிகள் காலிப் பீப்பாய்களையும் பெட்டிகளையும் பலகைகளையும் அதன் அடியில் செருகி உயர்த்த முயன்றனர். லிங்கனின் வழக்கறிஞர் தொழில் கூட்டாளியான வில்லியம் ஹெர்ன்டன் இதைப் பதிவு செய்துள்ளார்.

அந்தப் பீப்பாய்கள் படகிலேயே நிரந்தரமாக இருந்தால் என்ன என்பதே லிங்கனின் யோசனை. படகின் இருபுறமும் நீர்புகாத ரப்பர் துணியாலான, துருத்திபோல் விரிந்து மடியும் காற்றறைகள் இருக்கும். செங்குத்துக் கம்பங்களும் கயிறுகளும் கப்பிகளும் அவற்றை ஒரு முதன்மைத் தண்டோடு இணைக்கும். தண்டை ஒருபக்கம் சுழற்றினால் அறைகள் நீருக்குள் இறங்கி விரிந்து காற்றால் நிரம்பும். எதிர்ப்பக்கம் சுழற்றினால் மடிந்து மேலேறும். 1849 மே 22 அன்று காப்புரிமை வழங்கப்பட்டது. காப்புரிமை பெற்ற ஒரே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிங்கன்தான்.

ஏன் பயன்பாட்டுக்கு வரவில்லை?

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கொண்டு மாணவர்களே இதைக் கணக்கிடலாம். 40 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள தட்டையான படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை 30 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும்.

40 × 8 × 0.3 = 96 கன மீட்டர்

அதாவது காற்றறைகள் 96 கன மீட்டர் நீரை விலக்க வேண்டும். அந்த நீரின் எடை 96 டன். அவ்வளவு மேல்நோக்கு விசையை எதிர்த்துக் கம்பங்களும் கயிறுகளும் அறைகளை நீருக்குள் அழுத்தி வைக்க வேண்டும். மேலும், கருவியின் எடை ஒவ்வொரு 3.2 டன் கூடும்போதும் அதே படகு 1 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். தரைதட்டாமல் இருக்கச் சுமக்கும் கருவியே படகைத் தரைக்கு அருகில் கொண்டுபோகிறது. ஆம்ஸ்டர்டாம் ஒட்டகங்களுக்கு இந்தக் குறை இல்லை. கப்பல் போனபிறகு அவை திட்டருகே அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்தன.

இன்றைய மிதவைப் படகுகளில்

1950களின் தொடக்கத்தில், மின்னசோட்டா மாநிலத்தில் ஆம்ப்ரோஸ் வீரெஸ் என்பவர் இரும்புப் பீப்பாய்களை இணைத்து அவற்றின்மேல் மரத்தளம் அமைத்தார். இன்றைய பாண்டூன் படகுத் தொழில் அதிலிருந்து வளர்ந்தது. பயன்படுத்தாத நேரத்தில் பாசி படியாமலும் அலையில் மோதாமலும் இருக்க, இப்படகுகளை நீருக்கு மேலே உயர்த்தி வைக்கிறார்கள். அங்கே பழைய கேள்வி மீண்டும் எழுகிறது.

படகுத்துறையில் வைக்கும் மிதவைத் தூக்கிகள் ஒட்டகத்தின் வழிவந்தவை: தொட்டியில் நீர் புகுந்தால் இறங்கும், காற்றைச் செலுத்தினால் உயரும். படகோடு இணைந்த தூக்கிகளோ எண்ணெய் அழுத்தத்தால் கால்களை நீட்டி ஏரித்தரையில் ஊன்றி நிற்பவை. காற்றறைகளுக்குப் பதில் கால்கள் வந்தாலும், கருவி படகோடு பயணிக்க வேண்டும் என்ற லிங்கனின் எண்ணம் இவற்றில் நிறைவேறியிருக்கிறது.

இணைந்த தூக்கியைத் தேர்வதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: ஏரித்தரை சேறா, கெட்டி மண்ணா, நிறுத்துமிடத்தின் ஆழம் கால்களின் நீளத்துக்குள் அடங்குமா, கருவியின் எடையைக் கழித்தபின் எத்தனை பேரை ஏற்றலாம். ஒரே துறைக்குத் திரும்பிவரும் படகுக்கு ஆம்ஸ்டர்டாம் வழி போதும். ஊர் ஊராகத் தங்கிச் செல்லும் படகுக்கே லிங்கனின் வழி அதன் எடைக்கு ஈடான பயனைத் தரும்.